மழையிலும் பனியிலும் வீட்டில் ஈயக்குண்டு வார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் தேவனாம்பட்டினம், தாழங்குடா தொடங்கி புதுச்சேரி நல்லவாடு, வீராம்பட்டினம் வரையுள்ள கரையோரத்தில், வலையின் அடிக்கயிற்றுக்கும் வீச்சுவலைக்கும் வேண்டிய ஈயக்குண்டுகளை வீட்டிலேயே வார்த்துக்கொள்வோர் இன்றும் இருக்கிறார்கள். கடல் கொந்தளித்துப் படகுகள் கரையேறிக் கிடக்கும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில்தான் வலை பார்ப்பதற்கும் குண்டு வார்ப்பதற்கும் நேரம் கிடைக்கிறது. அந்த மாதங்களே இந்த வேலைக்கு மிகவும் ஆபத்தானவை என்பதால், என்னிடம் பலரும் நேரில் கேட்ட கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். நான் பிறந்ததும் வளர்ந்ததும் வலை பின்னும் வீட்டில்தான்.

குளிர் நாட்களில் ஈயம் உருகுவதற்கு அதிக நேரமும் எரிபொருளும் ஆகுமா?

நம் ஊரில் ஆகாது. ஈயம் 327 டிகிரி செல்சியசில் உருகுகிறது. ஒரு கிலோ ஈயத்தை அந்தச் சூட்டுக்குக் கொண்டுவந்து முழுவதும் உருக்குவதற்கு ஏறத்தாழ 60 கிலோஜூல் வெப்பம் போதும். ஒரு லிட்டர் தண்ணீரைச் சுமார் 15 டிகிரி மட்டும் சூடாக்குவதற்கு ஆகும் வெப்பம்தான் அது. கடலூரில் மார்கழி விடியற்காலையிலும் வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. 30 டிகிரியில் தொடங்குவதற்கும் 20 டிகிரியில் தொடங்குவதற்கும் இடையே எரிபொருள் செலவில் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவுக்குத்தான் வேறுபாடு வரும். உறைபனி விழும் நாடுகளில் கொட்டகைக்குள் நின்று துப்பாக்கிக்கு ஈயக்குண்டு வார்ப்பவர்கள் குளிரைப் பற்றிக் கவலைப்படுவதில் பொருள் உண்டு. அங்கே அச்சு சூட்டை இழந்துகொண்டே இருக்கும். நாம் கவலைப்பட வேண்டியது ஈரத்தைப் பற்றி.

ஈரத்தால் அப்படி என்ன ஆகிவிடும்?

தண்ணீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1700 மடங்கு விரிகிறது. உருகிய ஈயத்தின் மேற்பரப்பில் ஒரு துளி விழுந்தால் பெரும்பாலும் சீறிக்கொண்டே ஓடி மறைந்துவிடும். அதே துளி ஈயத்தின் அடியில் சிக்கிக்கொண்டால், அதாவது ஈரமான ஒரு குண்டோ கரண்டியோ உருகிய ஈயத்துக்குள் அமிழ்ந்தால், அந்தத் துளி ஒரு கணத்தில் ஆவியாகித் தன் மேலுள்ள ஈயம் முழுவதையும் பாத்திரத்துக்கு வெளியே எறிந்துவிடும்.

தானே புயலுக்கு மறு ஆண்டு கார்த்திகையில் என் சித்தப்பாவுக்கு இதுதான் நேர்ந்தது. மூன்று நாள் மழை விட்டிருந்தது. பாதி உருகிய ஈயத்துக்குள், பழைய வலையிலிருந்து கழற்றிய ஒரு குண்டைக் குறடால் பிடித்து இறக்கினார். தேங்காய் உடைத்தது போல் ஒரு சத்தம் கேட்டது, அவ்வளவுதான். சட்டியில் ஏறத்தாழ எதுவும் மிஞ்சவில்லை. அவருடைய வலது முன்கையிலும் கழுத்திலும் ஈயத் துளிகள் ஒட்டிக்கொண்டன. மூக்குக்கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. கண்ணாடியின் இடப்பக்கத்தில் அரிசி அளவில் இரண்டு துளிகள் உறைந்து நின்றதை நானே பார்த்தேன். புழக்கடைக் கதவின் நிலையில் தெறித்த ஈயப் பொட்டுகள் இன்றைக்கும் மங்கிய வெள்ளியாகத் தெரிகின்றன.

ஆகவே முதல் விதி இது: உருக்க வேண்டிய ஈயம் முழுவதையும், அடுப்பு பற்ற வைப்பதற்கு முன்பே, குளிர்ந்த பாத்திரத்தில் போட்டுவிட வேண்டும். பாத்திரம் சூடாகும்போதே ஈரம் போய்விடும். உருகத் தொடங்கிய பிறகு எதையும் சேர்க்கக் கூடாது. மேலும் ஈயம் வேண்டுமென்றால் அது அடுத்த ஈட்டுக்கு, அதாவது அடுத்த முறை உருக்கும்போது. கரண்டியையும் இப்படித்தான் நடத்த வேண்டும். அடுப்பின் பக்கத்தில் வைத்துக் கை பொறுக்காத அளவுக்குச் சூடேற்றிய பிறகே அதை ஈயத்தில் விடலாம்.

பழைய குண்டுகளை இரண்டு நாள் வெயிலில் காய வைத்தால் போதாதா?

வைகாசியில் கூட நான் அதை முழுவதும் நம்ப மாட்டேன். கார்த்திகையில் நிச்சயம் போதாது. கடலில் கிடந்த குண்டின் துளையைத் தீக்குச்சியால் கிளறிப் பாருங்கள். மணலும், சிப்பித் துகளும், அறுந்த நைலான் நூலும், வெள்ளையாக உப்பும் வரும். அந்த உப்பில் மக்னீசியம் குளோரைடு கலந்திருப்பதால் அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடி கசிவதைப் பார்க்காத வீடு இல்லை. குண்டின் துளைக்குள் நடப்பதும் அதேதான். பகலில் காய்ந்த குண்டு மறுநாள் காலையில் மீண்டும் ஈரமாகிவிடுகிறது.

நூலை நீக்கி, நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி உப்பைப் போக்கி, காய வைத்து, பிறகும் மேலே சொன்னபடி குளிர்ந்த பாத்திரத்திலிருந்தே தொடங்குங்கள். அலசிய தண்ணீரைக் கிணற்றடியிலோ கீரைப் பாத்தியிலோ ஊற்றாதீர்கள்.

மார்கழிக் காலையில் வார்க்கும் முதல் சில குண்டுகள் சுருங்கி, மடிப்பு மடிப்பாக வருகின்றன. ஈயம் கெட்டதா?

ஈயம் கெடவில்லை, அச்சு ஆறியிருக்கிறது. உருகிய ஈயம் குளிர்ந்த அச்சின் சுவரைத் தொட்டவுடன் ஓரம் முதலில் உறைந்து, பின்னால் வரும் ஈயம் அதோடு சேராமல் மடிந்து நிற்கிறது. நான்கைந்து குண்டு வார்த்த பிறகு அச்சு தானாகச் சூடாகிச் சரியாக வரும். சுருங்கியவற்றை ஒதுக்கி வைத்து அடுத்த ஈட்டில் போட்டுக்கொள்ளலாம். ஈயத்தை மேலும் மேலும் சூடாக்கி இதைச் சரிசெய்ய முயல்வது தவறு. சூடாக்க வேண்டியது அச்சை.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. மார்கழி இரவில் முற்றத்தில் விட்ட இரும்பு அச்சைக் காலையில் விரலால் தடவினால் விரல் நனையும். வானம் தெளிந்த இரவில் உலோகம் காற்றைவிட விரைவாகக் குளிர்வதால் பனி முதலில் அதன் மேல்தான் இறங்குகிறது. வெளிப்புறத்தைத் துடைத்துவிட்டு உள்ளே காய்ந்திருக்கும் என்று எண்ணக் கூடாது. இரண்டு பாதிகளும் சேரும் இடுக்கிலும், குண்டில் துளை விழச் செருகும் துளைக்கம்பி நுழையும் வழியிலும் ஈரம் தங்கும். அச்சைத் திறந்து, அடுப்பின் அருகே சில நிமிடம் காட்டி, தொட்டால் சுடும் நிலைக்குக் கொண்டுவந்த பிறகே ஈயத்தை ஊற்றுங்கள். கடற்காற்றில் துருப் பிடிக்காமலிருக்க எண்ணெய் பூசி வைத்திருந்தால், அதையும் முழுவதும் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் எரிந்து புகையாகிக் குண்டில் பொள்ளல் விழும்.

மண் அச்சு, சிமென்ட் அச்சு, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சு?

இந்தப் பருவத்தில் வேண்டாம். மூன்றும் உள்ளுக்குள் நீரைப் பிடித்து வைத்திருப்பவை. மேலே காய்ந்த தோற்றம் தருவதுதான் அவற்றின் ஆபத்து. இரும்பு அல்லது அலுமினிய அச்சு கிடைக்கும்வரை காத்திருங்கள்.

வெளியே தூறல் விழுகிறது. வீட்டுக்குள் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வார்க்கலாமா?

கூடாது. வீட்டிலுள்ளவர்கள் மனம் கோணினாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். மழைக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டு அடுப்படியில் ஈயம் உருக்குவதுதான் நம் பக்கத்தில் நடக்கும் மிகப் பெரிய தவறு. அங்கே அடுப்பங்கரைத் திண்டிலும், அரிசிப் பானை மூடியிலும், பாய்களிலும் ஈயத் தூசி படிகிறது. கரியடுப்பு வைத்திருந்தால் மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு சேர்ந்து, வாடை எதுவும் தெரியாமலே மயக்கம் வரும்.

நான்கு பக்கமும் திறந்த, மேலே தகரமோ ஓடோ போட்ட ஒழுகாத கொட்டகை இதற்கு ஏற்றது. கீற்றுக் கொட்டகையில் தீயும் ஒழுக்கும் ஒருங்கே அச்சுறுத்தும். தார்ப்பாயைக் கட்டி அதன் கீழ் வார்ப்பதும் சரியல்ல. தேங்கிய நீர் எப்போது சாயும் என்று யாராலும் சொல்ல முடியாது. காற்று உங்கள் முதுகிலிருந்து அடுப்பை நோக்கி வீசும்படி உட்காருங்கள்.

சிமென்ட் தரையின் மேல் நேராக வேலை செய்யாதீர்கள். சிந்திய ஈயத்தின் சூட்டில் சிமென்டுக்குள் ஊறியிருக்கும் நீர் ஆவியாகி, தரைச் சில்லுகள் தெறிக்கும். ஒரு பழைய தகரத்தட்டில் நன்றாக வறுத்த மணலைப் பரப்பி, அதன் மேல் அடுப்பையும் அச்சையும் வைத்துக்கொள்ளலாம்.

எந்தப் பாத்திரத்தில் உருக்குவது?

தடித்த இரும்புச் சட்டியில், அதுவும் இனி ஒருபோதும் சமையலுக்குப் போகாத சட்டியில். அலுமினியம் 660 டிகிரியில்தான் உருகும் என்றாலும் அதற்கு வெகு முன்னரே வலுவிழந்துவிடும். பழைய அலுமினியக் குண்டானின் அடி, ஈயத்தின் பாரத்தால் திடீரென இறங்கிவிடலாம். பாரத்தைப் பலரும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். ஈயம் தண்ணீரைவிட 11 மடங்குக்கும் மேல் கனமானது. ஒரு லிட்டர் பிடிக்கும் சட்டி நிறைய ஈயம் இருந்தால் அது ஏறத்தாழ 11 கிலோ இருக்கும். சாதாரண எரிவாயு அடுப்பின் மெல்லிய கால்கள் அதைத் தாங்கும் என்று நம்பாதீர்கள். ஓர் ஈட்டுக்கு இரண்டு மூன்று கிலோ போதும்.

ஈயச் சொம்பில் ரசம் வைக்கிறோமே, ஈயம் அவ்வளவு கெடுதல் என்றால் அது எப்படி?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு, ஏனென்றால் இந்தக் குழப்பம் உயிரோடு விளையாடக்கூடியது. ரசச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. நாம் குண்டு வார்ப்பது காரீயத்தில். பேச்சில் இரண்டையும் ஈயம் என்றே சொல்லிவிடுகிறோம், உண்மையில் அவை இரண்டு வேறு உலோகங்கள். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும். ஒரே அளவுள்ள காரீயத்தின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு எடைதான் அதற்கு இருக்கும். காரீயத்தை வெள்ளைத் தாளில் இழுத்தால் சாம்பல் நிறக் கோடு விழும். ஆனால் வெள்ளீயத்தில் கொஞ்சம் காரீயம் கலந்திருந்தால் இந்தச் சோதனைகளால் உறுதியாகக் கண்டுபிடிக்க முடியாது. எனவே சொம்பு வாங்கும்போது நம்பிக்கையான இடத்தில் வாங்குங்கள். உடைந்த ஈயச் சொம்பைக் குண்டு வார்க்கும் சட்டியில் போடுவது வீண் செலவு. குண்டு வார்த்த சட்டியையோ கரண்டியையோ சமையலுக்கு எடுப்பது கொடுமை.

பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் எந்த ஈயமும் உதவுமா?

பழைய வலைக்குண்டு, பழைய ஈயக் குழாய், ஈயத் தகடு ஆகியவை நல்லவை. டயர்க் கடைகளில் சக்கரத்தைச் சமன்செய்ய ஒட்டும் கட்டிகளில் இரும்பும் துத்தநாகமும் கலந்து கிடக்கும். துத்தநாகம் 419 டிகிரியில்தான் உருகும் என்பதால், சூட்டைக் கட்டுக்குள் வைத்திருந்தால் அது உருகாமல் மேலே மிதக்கும்; கரண்டியால் எடுத்துவிடலாம். சூடு மிஞ்சி அது கலந்துவிட்டால் ஈயம் கூழ் போலாகி அச்சில் ஓடாது.

பேட்டரியை மட்டும் ஒருபோதும் உடைக்காதீர்கள். அதன் தட்டுகளில் இருப்பவை பெரும்பாலும் ஈயச் சல்பேட்டும் ஈய ஆக்சைடும். உடைக்கும்போதே நுண்ணிய தூசியாகப் பறக்கும். தட்டின் உலோகக் கலவையில் ஆன்டிமணியும் ஆர்சனிக்கும் இருந்தால், உருகும்போது மேலே ஒதுங்கும் கசடும் ஈரமும் சேரும்போது கொடிய நச்சு வாயுக்கள் உண்டாக இடமுண்டு. பழைய பேட்டரியைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் புதியதின் விலையில் கழித்துக்கொள்வார்கள். அதுவே அதற்கான வழி.

வெப்பமானி இல்லாமல் சூட்டை எப்படி அறிவது?

வலைக்குண்டுக்கு 350 முதல் 400 டிகிரி வரை போதும். கசடு நீக்கிய ஈயத்தின் மேற்பரப்பு கண்ணாடி போல் பளபளத்து மெல்ல மங்கினால் சூடு அளவாக இருக்கிறது. பொன்னிறமும் நீலமும் ஊதாவுமாக ஏடு படர்ந்தால் சூடு மிஞ்சிவிட்டது, உடனே தணியுங்கள். 500 டிகிரியை நெருங்க நெருங்க ஈயப்புகை கிளம்புவது அதிகமாகும். முகத்தில் கட்டும் துணியும் சாதாரண மருத்துவ முகக்கவசமும் அந்தப் புகையைத் தடுப்பதில்லை.

அழுக்கைப் பிரிக்க, சுண்டுவிரல் நகம் அளவு மெழுகைப் போட்டுக் காய்ந்த கம்பியால் கிளறினால் போதும். மெழுகு குபீரென்று பற்றும், முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் தள்ளி நின்று பார்க்கலாமா?

வேண்டாம். தெறிப்பதற்கு அஞ்சி மட்டும் இதைச் சொல்லவில்லை. வாய்வழி உடலுக்குள் போகும் ஈயத்தில் பெரியவர்கள் ஈர்த்துக்கொள்வதைப் போல நான்கைந்து மடங்கு வரை சிறு பிள்ளைகளின் உடல் ஈர்த்துக்கொள்கிறது. அது வளரும் மூளையைப் பாதிக்கிறது. படிப்பும் கவனமும் குறைகின்றன. போன திறன் திரும்புவதில்லை. இரத்தத்தில் இந்த அளவு வரை ஈயம் இருக்கலாம் என்று சொல்லத்தக்க பாதுகாப்பான அளவு எதுவும் கிடையாது என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. கருவுற்ற பெண்ணின் உடலில் உள்ள ஈயம் கருவுக்கும் போய்ச் சேரும். எலும்பில் படிந்த ஈயம் பல பத்தாண்டுகள் அங்கேயே தங்கும்.

உருக்கும் ஒரு மணி நேரத்தைவிட, அதன் பின்வரும் நாட்கள்தான் பிள்ளைகளுக்குப் பெரிய கேடு. கைலியில் ஒட்டிய தூசி, திண்ணையில் கொட்டிய கசடு, விளையாட எடுத்த பளபளப்பான குண்டு, இவையெல்லாம் கை வழியே வாய்க்குப் போகின்றன. மழைக்காலத்தில் பள்ளி விடுமுறை விட்டால் பிள்ளைகள் வீட்டோடு இருப்பார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். குண்டைப் பல்லால் கடித்து நூலில் இறுக்கும் பழக்கம் பெரியவர்களிடம் உண்டு. அதைப் பார்த்துத்தான் பிள்ளைகள் கற்கிறார்கள். குறடு வைத்து இறுக்குங்கள்.

இந்த வேலையை அடிக்கடி செய்பவர்களுக்கு விடாத வயிற்றுவலி, மலச்சிக்கல், சோர்வு, சோகை போன்றவை இருந்தால், மருத்துவரிடம் ஈய வேலை செய்வதை வாய்விட்டுச் சொல்லி, இரத்தத்தில் ஈய அளவு பார்க்கக் கேளுங்கள். நாம் சொல்லாவிட்டால் அவர்களுக்கு அது தோன்ற வாய்ப்பில்லை.

உருகிய ஈயத்தின் மேலிருந்து எடுத்த கசடை என்ன செய்வது?

மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு, பிள்ளைகள் எட்டாத உயரத்தில், வெள்ளம் ஏறாத இடத்தில் வையுங்கள். சாம்பல் போல் தெரியும் அந்தப் பொடிதான் கட்டி ஈயத்தைவிட எளிதாக உடலுக்குள் போகிறது. புழக்கடையில் கொட்டினால் ஒரே மழையில் கோழி மேயும் இடத்துக்கும் கைப்பம்புக்கும் போய்விடும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியில் கொட்டிய மழையில் எத்தனை வீடுகளின் புழக்கடை தெருவோடு ஒன்றானது என்பதை நாம் கண்ணால் பார்த்தோம். துடைப்பத்தால் கூட்டாதீர்கள், தூசி எழும்பும். ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியையும் டப்பாவில் போடுங்கள். இந்தத் துடைப்பு, அடுப்பும் ஈயமும் முழுவதும் ஆறிய பிறகு.

என்ன உடுத்துவது?

முழுக்கை பருத்திச் சட்டை, தடித்த பருத்திக் கால்சட்டை, மூடிய காலணி, தோல் கையுறை, பக்கவாட்டையும் மறைக்கும் கண்ணாடி. பாலியஸ்டர் உருகித் தோலோடு ஒட்டும். மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு வார்ப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அதன் நுனியிலிருந்து சொட்டும் நீர் ஒன்றே போதும், விபத்துக்கு. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளித்து, அந்தத் துணியைத் தனியாகத் துவையுங்கள். நடுவே டீயும் பீடியும் வேண்டாம்.

ஈயம் தெறித்துச் சுட்டுவிட்டால்?

ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்டுங்கள். தோலோடு ஒட்டிய ஈயத்தைப் பிய்க்காதீர்கள், மருத்துவமனையில் எடுப்பார்கள். மாவு, மை, பற்பசை எதுவும் பூசக் கூடாது. கண் என்றால் ஒரு நொடியும் தாமதிக்காமல் நீரூற்றிக்கொண்டே 108க்கு அழையுங்கள். பதற்றத்தில் அந்த நீரைச் சட்டியின் பக்கம் கொண்டுபோய்விடாதீர்கள்.

இதே முறையில் துப்பாக்கிக்குக் குண்டு வார்க்கலாமா?

கூடாது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கித் தோட்டாக்களையோ அவற்றின் பாகங்களையோ செய்வது குற்றம்.

ஈயத்துக்கு மாற்றே இல்லையா?

சில வலைகளுக்கு இரும்புச் சங்கிலியும் கல்லும் உதவுகின்றன. தூண்டிலுக்குச் சிறு இரும்பு நட்டு போதும். பிரிட்டனில் அன்னப்பறவைகள் ஈயக்குண்டை விழுங்கிச் செத்ததால், சிறு தூண்டில் குண்டுகளை ஈயத்தில் விற்பதை 1987இல் தடை செய்தார்கள். வீச்சுவலையில் மட்டும், கையடக்கமான அளவில் அத்தனை கனமும் விரைந்து இறங்கும் தன்மையும் ஈயத்துக்கே இருப்பதால், அதை விட மனம் வருவதில்லை என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். கடையில் ஆயத்தக் குண்டு வாங்கும் வசதி இருந்தால் அதை வாங்கிவிடுங்கள்.

பாதி வார்த்துக்கொண்டிருக்கும்போது மழை சாரலடிக்கத் தொடங்கினால்?

அடுப்பை அணையுங்கள். பக்கத்தில் ஆயத்தமாக வைத்திருக்க வேண்டிய காய்ந்த இரும்பு மூடியால் சட்டியை மூடுங்கள். மூடிவிட்டு விலகிப் போங்கள். உருகிய ஈயத்தோடு சட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடக் கூடாது. வழுக்கும் முற்றத்தில் ஒரு கால் சறுக்கினால் போதும். ஈயம் சட்டியிலேயே உறையட்டும்.

மறுநாள் அதை மீண்டும் உருக்கும்போதுதான் பலரும் ஏமாறுகிறார்கள். ஈயம் உறையும்போது நூற்றுக்கு மூன்று பங்குக்கு மேல் சுருங்குவதால், நடுவில் ஒரு குழியும், சட்டியின் ஓரத்தைச் சுற்றி நூலிழை போன்ற ஓர் இடைவெளியும் விழும். மழைநீர் குழியில் தேங்குவது கண்ணுக்குத் தெரியும். அந்த இடைவெளி வழியாக ஈயக் கட்டியின் அடிக்கு இறங்கியிருப்பது தெரியாது. அடியிலிருந்து சூடேற்றினால் அந்த நீர் மேலே வழியில்லாமல் வெடிக்கும். எனவே நனைந்த சட்டியைக் கவிழ்த்துத் தட்டி, கட்டியைக் கழற்றி எடுத்து, சட்டியையும் கட்டியையும் தனித்தனியே காய வைத்த பிறகே மீண்டும் அடுப்பில் ஏற்றுங்கள். கட்டி கழலவில்லை என்றால் மழை முழுவதும் ஓய்ந்து, தை வெயிலில் பல நாள் கவிழ்த்தே கிடக்கட்டும். பிறகும் அடியில் தீயை வைக்காமல், சட்டியின் பக்கவாட்டிலிருந்து மிக மெதுவாகச் சூடேற்றி, ஓரம் உருகி மேல்வரை வழி திறக்கும்வரை பத்தடி தள்ளியே நில்லுங்கள்.